சொல்லக் கூசும் அரிப்பு

ஆண்களின் தொடை இடுக்கிலும் விதைப்பையிலும் ஆண்குறியிலும் வந்து, மாதக்கணக்கில் விலகாமல் நிற்கும் அரிப்பும் எரிச்சலும் சிவப்பும் தோல் மருத்துவத்தில் அன்றாடம் காணப்படுபவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் உண்டு, மருந்தும் உண்டு. அப்படியிருந்தும் ‘என்னவென்றே தெரியவில்லை’ என்ற நிலையிலேயே வருடங்களைக் கடத்துகிறவர்கள் ஏராளம். அபூர்வமான நோய் என்பதால் இப்படி ஆவது குறைவு. அந்த இடத்தை ஒரு மருத்துவர் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார் என்பதே பல நேரங்களில் உண்மை. கூச்சத்தால் நோயாளி காட்டுவதில்லை. கூட்ட நெரிசலில் மருத்துவர் கேட்பதில்லை. இருவருக்கும் நடுவில் மருந்துக்கடை டியூப் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

லிட்டில் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹட் பே போன்ற ஊரில் இவற்றோடு கடலும் சேர்ந்துகொள்கிறது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர். கப்பலில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். தோல் நிபுணரைப் பார்ப்பது, தோல் துணுக்கு எடுத்துச் சோதிப்பது என்றால் பெரும்பாலும் அங்குள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். கடல் கொந்தளித்தால் அந்தப் பயணமும் தள்ளிப்போகும். இரண்டு பருவமழைகளும் நனைக்கும் இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை மாதங்களில் கொடியில் போட்ட உள்ளாடை மறுநாளும் ஈரமாகத்தான் இருக்கும். படகிலும் துறைமுகத்திலும் தென்னை, பாக்குத் தோட்டங்களிலும் உழைப்பவர்களின் இடுப்புக்குக் கீழே வியர்வையும் உப்புநீரும் காய நேரமே கிடைப்பதில்லை. இந்த வகைத் தொல்லைக்கு இதைவிடத் தோதான தட்பவெப்பம் வேறு வேண்டியதில்லை.

அந்தரங்கத் தோலின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விதைப்பையின் தோல் மிக மெல்லியது, சுருக்கங்கள் நிறைந்தது, எதைப் பூசினாலும் உறிஞ்சிக்கொள்வது. 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை உடலின் பல இடங்களில் பூசி அளந்தார்கள். முன்கையில் ஊறிய அளவைப்போல 42 மடங்கு விதைப்பையில் ஊறியது. கை கால்களுக்குப் பூசும் களிம்பை அதே அளவில் இங்கே பூசுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை. தொடையும் விதைப்பையும் ஒன்றோடொன்று உரசுவதும், முன்தோலுக்கு அடியில் ஈரம் தங்குவதும் தொல்லையை வளர்க்கின்றன. விதைப்பை அரிப்பை ‘விருஷண கச்சு’ என்ற பெயரில் சுச்ருத சம்ஹிதை தனியாகவே சொல்லி, அழுக்கும் வியர்வையும் தங்குவதோடு அதைத் தொடர்புபடுத்துகிறது. அவ்வளவு பழைய தொல்லை இது.

வெப்பமண்டலத்தில் முதல் சந்தேகம் படர்தாமரை மேல்தான் விழும். ஓரம் தடித்துச் சிவந்து, நடுப்பகுதி தெளிந்து, வட்டமாகப் படரும் பூஞ்சைத் தொற்று அது. ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு ‘டோபி இட்ச்’ என்று பெயர் வைத்து, துணி வெளுப்பவர்கள் மேல் பழியைப் போட்டார்கள். துணியில் அடையாளமிடப் பயன்படும் சேங்கொட்டைப் பால் பட்டு வரும் ஒவ்வாமைப் புண் முற்றிலும் வேறு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடம் அது கண்டறியப்பட்டது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியவர்கள் பலர். உழைக்கும் ஒரு கூட்டத்தின் பெயரை நோய்க்குச் சூட்டும் அந்த வழக்கம் ஒழிய வேண்டியது.

முன்பெல்லாம் படர்தாமரை தொடை இடுக்கோடு நின்றுவிடும், விதைப்பைக்கும் ஆண்குறிக்கும் வருவது அரிது என்றுதான் பாடநூல்கள் சொல்லின. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் அது மாறிவிட்டது. ஒருமுறை குணமாகி மறுபடி வருவது, வீட்டில் எல்லோருக்கும் பரவுவது, வழக்கமான மாத்திரைக்கு அசையாமல் நிற்பது என்று படர்தாமரையின் போக்கே வேறாகிவிட்டது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஜப்பானில் வசித்த ஓர் இந்தியர், ஒரு நேபாளியர் ஆகியோரிடமிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து ‘ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டார்கள். டெர்பினாஃபின் மருந்து வேலை செய்யும் இடத்திலேயே மரபணு மாற்றம் அடைந்திருப்பதால் இந்தப் பூஞ்சை பல நேரங்களில் அதற்குப் பணிவதில்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் இது கண்டறியப்பட்டபோது அமெரிக்காவிலும் செய்தியானது. டெர்பினாஃபினுக்குப் பதிலாக இட்ராகோனசோல் மாத்திரையை மருத்துவர் சொல்லும் காலம் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கும். பல வாரங்கள் ஆகும். அரிப்பு அடங்கிய அன்றே நிறுத்திவிடுவதுதான் மறுபடி வருவதற்கான முக்கியமான காரணங்களுள் ஒன்று.

இந்தப் பூஞ்சை நாடு முழுவதும் இப்படி வேரூன்றியதில் கலப்புக் களிம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இந்தியத் தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து. ஒரே டியூபில் வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று அல்லது இரண்டு. கடையில் “அரிப்புக்கு ஏதாவது கொடுங்க” என்றால் எடுத்துக் கொடுப்பது அதைத்தான். பூசிய இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடும், அதுதான் பொறி. ஸ்டீராய்டு உடலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் சிவப்பு மறைகிறது. அடியில் பூஞ்சை சுகமாக வளர்கிறது. நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகக் கிளம்பும். வட்டமும் ஓரமும் அழிந்துபோய், படர்தாமரை என்றே அடையாளம் தெரியாத கோலத்துக்கு வந்துவிடும். 1968-இலேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதை விவரித்து, ‘முகம் மறைத்த படர்தாமரை’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். கண்டறியப்படாத அந்தரங்க அரிப்பு என்று வருபவற்றுள் கணிசமானவை இப்படி மருந்தே மறைத்த நோய்கள்தாம். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, கடையில் கேட்டால் டியூபும் கிடைக்கிறது.

ஸ்டீராய்டு தானே ஒரு நோயையும் உண்டாக்கும். மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு விதைப்பை முழுவதும் செக்கச்செவேலென்று ஆகி, தீக்காயம் பட்டதுபோல் எரியும். உட்கார முடியாது, துணி பட்டால் பொறுக்காது. செதிலோ புண்ணோ இருக்காது. ‘சிவந்த விதைப்பை நோய்’ என்று அழைக்கப்படும் இதற்கு மேலும் மேலும் களிம்பு பூசுவதே வழக்கமாக நடக்கும் தவறு. களிம்பை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதும், டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையும் சேர்ந்துதான் பலருக்கு உதவுகின்றன. நிறுத்தியவுடன் சில வாரங்களுக்கு எரிச்சல் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நோயாளி பயந்து பழைய டியூபைத் தேடிப் போகமாட்டார். ஸ்டீராய்டால் இடுக்கில் தோல் மெலிந்து விழும் வரிக்கோடுகள் மட்டும் திரும்ப மறையாது.

படர்தாமரைக்கு அடுத்தபடி தவறவிடப்படுவது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் வளை தோண்டுவதால் வருவது. இரவில் அரிப்பு கூடுவது, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருப்பது, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண்களுக்கு விதைப்பையிலும் ஆண்குறியிலும் பயறளவு முடிச்சுகள் வந்தால் சிரங்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே உடல் முழுதும், வீட்டில் உள்ள அனைவரும் ஒரே இரவில் பூசி, ஒரு வாரம் கழித்து மறுபடி பூச வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் பூசினால் பயனில்லை. பூச்சிகள் செத்த பிறகும் அந்த முடிச்சுகள் சில மாதங்கள் அரித்துக்கொண்டிருக்கலாம். இது தெரியாமல் மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

பூஞ்சையும் பூச்சியும் போன பிறகும் அரிப்பு மட்டும் தங்கிவிடுவதும் உண்டு. சொறியச் சொறியத் தோல் தடிக்கும். தடித்த தோல் மேலும் அரிக்கும். கடைசியில் விதைப்பை யானைத்தோல் போல் வரிவரியாகக் கறுத்துவிடும். தூக்கத்தில் கை தானாகப் போவதால் இந்தச் சுழலை மன உறுதியால் மட்டும் அறுக்க முடியாது. மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு அளந்து தரும் மருந்தும், இரவில் அரிப்பை அடக்கும் மாத்திரையும், ஒட்ட வெட்டிய நகமும் சேர்ந்து அறுக்க வேண்டும்.

தொல்லையைத் தாமே வரவழைத்துக்கொள்வதும் சாதாரணம். அரிப்பு என்றதும் டெட்டாலை ஊற்றிக் கழுவுவது, சலவை சோப்பைத் தேய்ப்பது, எலுமிச்சை பிழிவது, பூண்டை அரைத்துப் பூசுவது. மெல்லிய தோல் வெந்துபோய்ப் புது நோய் கிளம்பும். நியோமைசின் கலந்த களிம்பும், ஆணுறையின் ரப்பரும், வாசனைப் பவுடரும் சிலருக்கு ஒவ்வாமை தரும். எதனால் ஒவ்வாமை என்பதை முதுகில் மருந்துப் பட்டைகள் ஒட்டிச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆண்குறியின் மொட்டில் அதே இடத்தில் வட்டமாகச் சிவந்து, எரிந்து, பிறகு கறுப்புத் தழும்பாக நிற்கும் ஒன்று, சில மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வந்தால், சாப்பிட்ட மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். வலி மாத்திரை, கோட்ரைமாக்சசோல், வயிற்றுப்போக்குக்குத் தரும் நார்ஃப்ளாக்சசின், டினிடசோல், சில சமயம் பூஞ்சைக்கே தரும் ஃப்ளூகோனசோல் ஆகியவை இதைச் செய்யக்கூடியவை. பாலியல் நோய் என்று பயந்து, மனைவியிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் பலருக்கு உண்மையில் இருப்பது இந்த மருந்து ஒவ்வாமைதான். எந்த மாத்திரை என்று கண்டுபிடித்து விலக்கினால் மறுபடி வராது.

முன்தோலில் வெடிப்பும் வெள்ளைப் படிவும் அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை நோய் இருப்பதே இந்த வெடிப்பால்தான் சிலருக்குத் தெரியவருகிறது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இந்தியாவில் இப்போது மலிவாகிப் பரவலாகிவிட்டன. நல்ல மருந்துகள், ஆனால் அந்த இடத்தில் பூஞ்சை வருவதை அதிகரிப்பவை. மருத்துவரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொன்னாலே பாதி விடை கிடைத்துவிடும். முன்தோல் வெளுத்து, இறுகி, பின்னுக்குத் தள்ள முடியாமல் போனால் அது லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப் பாதையைச் சுருக்கும். சிலருக்குப் பின்னாளில் புற்றுநோய்க்கும் வழிவிடும். ஸ்டீராய்டே இதற்கு முதல் மருந்து என்பதையும் சொல்ல வேண்டும். சரியான நோய்க்கு, சரியான அளவில், மருத்துவர் கண்காணிப்பில் அது நல்ல மருந்து.

நோயே இல்லாதவையும் நோயாக நினைக்கப்படுகின்றன. மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப்போல் நிற்கும் சிறு பருக்கள், தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும் ஃபோர்டைஸ் புள்ளிகள், வயதானபின் விதைப்பையில் தோன்றும் கருஞ்சிவப்புப் பொட்டுகள் மூன்றும் இயல்பானவை. தொற்றாதவை, மருந்து வேண்டாதவை. இவற்றைக் கைப்பேசி வெளிச்சத்தில் தினமும் பார்த்துப் பார்த்துத் தூக்கம் இழந்தவர்களின் பயத்தை வைத்துத்தான் லாட்ஜ் அறைகளில் முகாமிடும் போலி வைத்தியர்களின் பிழைப்பு ஓடுகிறது. ‘மேகநோய்’, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி அவர்கள் விற்கும் லேகியத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாலியல் தொடர்பால் வந்திருக்குமோ என்ற ஐயம் நியாயமாக இருந்தால், அரசு மையங்களில் ஹெச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகள் இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகின்றன. 1097 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே விவரம் கேட்கலாம். உரிய கால இடைவெளியில் செய்த சோதனையில் நோயில்லை என்று வந்த பிறகும் திரும்பத் திரும்பச் சோதிக்கத் தோன்றினால், மருத்துவம் தேவைப்படுவது தோலுக்கு அல்ல.

சோதனைகள் எல்லாம் சரியாக இருந்து, தோலும் பார்வைக்குச் சாதாரணமாக இருந்து, எரிச்சல் மட்டும் நீங்காதவர்கள் சிலர் எப்போதும் இருக்கிறார்கள். இவர்களிடம் “எல்லாம் உங்க மனசுல” என்று சொல்லி அனுப்பிவிடுவது பெரிய அநியாயம். அந்தப் பகுதிக்குச் செல்லும் நரம்புகள் காரணமில்லாமல் வலிச் செய்தி அனுப்பும் நிலை ஒன்று உண்மையாகவே உண்டு. சிலருக்கு முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் நரம்பு நசுங்குவதும் காரணமாகலாம். அமிட்ரிப்டிலின், கேபாபென்டின் போன்ற நரம்பு மருந்துகள் இங்கே உதவுகின்றன, களிம்புகள் உதவுவதில்லை. எரிச்சல் ஒரேயடியாக மறையாவிட்டாலும், தூக்கம் வரும் அளவுக்கு, வேலைக்குப் போகும் அளவுக்கு அடங்குவதே இவர்களுக்குப் பெரிய மீட்சி. இதை மனைவியிடம் மறைப்பதால் தாம்பத்தியத்தில் விழும் இடைவெளி நோயைவிடக் கொடியது. தொற்றுநோய் இல்லை என்று மருத்துவர் சொன்ன ஒரு வார்த்தையை இருவரும் சேர்ந்து கேட்டால், பல வீடுகளில் நிலைமை மாறிவிடும். மனம் தாங்காதபோது 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த அரசுச் சேவையில் தமிழிலும் பேசலாம்.

ஹட் பேயில் இருப்பவர் நோயின் பெயரைக் கண்டுபிடிக்க முன்பு பெரும்பாலும் கப்பலையே நம்ப வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து கடலுக்கடியில் போடப்பட்ட சுமார் 2300 கிலோமீட்டர் ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டபோது அது எட்டிய தீவுகளில் லிட்டில் அந்தமானும் ஒன்று. இந்த இணைய இணைப்பு வழியே, மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில், சுகாதார நிலையத்து மருத்துவர் நோயாளியை அருகில் வைத்துக்கொண்டே தொலைவிலுள்ள நிபுணரிடம் காணொளியில் கேட்க முடியும். கண்ணால் பார்த்தே பெரும்பகுதி முடிவாகும் தோல் நோய்களுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தரங்கப் படத்தை முகம் தெரியாத யாருக்கும் கைப்பேசியில் அனுப்பக்கூடாது. பணம் பறிப்பவர்கள் இதற்காகவே காத்திருக்கிறார்கள்.

போர்ட் பிளேருக்குக் கப்பலேறுவதென்றால் வெறுங்கையோடு போவது வீண். இதுவரை பூசிய டியூப்கள், காலியானவையும் கூட, சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள், எப்போது தொடங்கியது, எப்போது கூடுகிறது, வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று எழுதிய ஒரு தாள் ஆகியவை பையில் இருக்க வேண்டும். பூஞ்சைக் களிம்பு பூசிய தோலில் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டலாம் என்பதால், எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. ஆறாத புண், கெட்டியான கட்டி, இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடக் கூடாது; துணுக்கெடுத்துப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். திடீரென்று கடும் வலி, காய்ச்சல், வீக்கம், தோல் கறுப்பது என்றால் அது விரைவில் உயிரைப் பறிக்கக்கூடிய தொற்றாக இருக்கலாம். அடுத்த கப்பலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவ நிலையத்துக்கு ஓட வேண்டும்.

பெயர் தெரியும்வரை செய்ய வேண்டியவை எளியவை. தளர்வான பருத்தி உள்ளாடை, தினம் ஒன்று. மழைக்காலத்தில் அதை இஸ்திரி போட்டாவது காயவைத்து உடுத்துவது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, துண்டால் ஒற்றி, சில நிமிடம் காற்றாட விடுவது. வீட்டில் ஆளுக்கொரு துண்டு. வீட்டில் இருக்கும் நேரத்தில் ஜீன்ஸுக்குப் பதிலாகக் கைலி. மென்மையான சோப்பு ஒருமுறை போதும். எரிந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், எரிச்சல் தராத வெறும் வாசலினும் பொதுவாகக் கெடுதல் செய்வதில்லை.

படர்தாமரையா இல்லையா என்று உறுதிசெய்யும் முதல் சோதனைக்கு வேண்டியவை மிகக் குறைவு. தோலின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதில், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கொஞ்ச நேரக் காத்திருப்பு, பார்க்கத் தெரிந்த கண். அந்தமான் சுகாதார நிலையங்களில் மலேரியாவுக்கு இரத்தத் தகடு பார்க்கும் அதே மைக்ராஸ்கோப் இதற்கும் போதும்.